மணம் எதிலிருந்து வந்தது என்று சொல்லுங்கள்: தேயிலை வாரியத்துக்கும் பொட்டலமிடுவோருக்கும் வட சென்னையிலிருந்து ஒரு திறந்த மடல்

தேயிலை வாரியத்தின் குன்னூர் அலுவலகத்தாருக்கும், நறுமணம் சேர்த்த இலைத் தேயிலையைப் பொட்டலமிட்டு விற்கும் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

தண்டையார்பேட்டையில் வசிக்கும் நான், மாலை வேளைகளில் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடி, வாசனை சேர்த்த இலைத் தேயிலைகளை வடித்துச் சுவைத்துப் பார்க்கும் அக்கம்பக்கத்தார் சிலரின் சார்பில் இதை எழுதுகிறேன். எங்கள் கோரிக்கை பெரிதன்று. பொட்டலத்தில் உள்ள மணம் எந்தப் பொருளிலிருந்து வந்தது, அதைத் தாங்கி நிற்கும் இலை எந்த மலையுடையது, எந்தத் தரத்தது, எவ்வளவு நீரில் எவ்வளவு சூட்டில் எத்தனை நிமிடம் ஊற வேண்டும் என்பனவற்றைத் தமிழில் தெளிவாக அச்சிட்டுத் தாருங்கள் என்பதே அது. இவ்வளவு எளிய ஒன்றைக் கேட்க ஒரு மடல் தேவையா என்று உங்களுக்குத் தோன்றலாம். பொட்டலங்களைப் பிரித்துப் பிரித்து ஏமாந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தோம்.

வாசனைத் தேநீர் வட சென்னைக்குப் புதிதல்ல. மண்ணடியில் பிரியாணிக்குப் பின் வரும் சுலைமானி என்னும் பால் சேர்க்காத தேநீரில் எலுமிச்சையும் ஏலமும் உண்டு. சௌகார்பேட்டையில் மார்வாடிக் குடும்பங்கள் வீட்டிலேயே இடித்துச் சேர்க்கும் மசாலாவின் மணம் மாடிப்படி வரை இறங்கி வரும். சுக்கும் இஞ்சியும் தட்டிப் போடாத டீக்கடை எங்கள் பக்கத்தில் அரிது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடித்தளம் டஸ்ட் எனப்படும் தூள். அதுவும் பெரும்பாலும் நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. முறையில் வந்த தூள். நிறமும் கடுமையும் சட்டென்று இறங்கும்படி ஆக்கப்பட்ட அந்தத் தூளை எத்தனை முறை கொதிக்க விட்டாலும் பாலும் சர்க்கரையும் அதைத் தாங்கிக்கொள்ளும். நசுக்காமல் முறுக்கி உலர்த்தும் ஆர்த்தடாக்ஸ் முறையில் வந்த முழு இலை அப்படிப்பட்டதன்று. கொதிக்க விட்டால் துவர்ப்பு ஏறி நாக்கு வறண்டுவிடும். நீலகிரி இலைக்கே உரிய அந்த மெல்லிய பூமணம் ஆவியோடு போய்விடும். ஆகவே தலைமுறைகளாகத் தூளைக் கொதிக்க வைத்துப் பழகிய ஒரு வீட்டுக்கு இலையை அனுப்புகிறவர், அதை எப்படிக் கையாள வேண்டும் என்பதையும் சேர்த்து அனுப்புவதே முறை.

அப்படி அனுப்பாததால் என்ன ஆகிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் கீழ்வீட்டு அக்கா, செம்பருத்தியும் பழத்துண்டுகளும் கலந்த ஒரு பொட்டலத்தை அழகான உறையைப் பார்த்து வாங்கி வந்தார். சூடாகவும் குளிராகவும் பருகலாம் என்பதற்கு மேல் அந்த உறையில் செய்முறையாக ஒரு வரியும் இல்லை. வழக்கம்போல் பாலை ஊற்றினார். டம்ளரில் பால் திரிந்து, சிவந்த நீரில் வெள்ளைத் துணுக்குகளாக மிதந்தது. பால் கெட்டுவிட்டதென்று எண்ணி, பாவம், பால்காரரிடம் சண்டைக்குப் போனார். செம்பருத்திப் பூவின் அடியைச் சுற்றியுள்ள புளிப்பான புல்லிவட்டம் பாலைத் திரிக்கும் என்பது தயாரித்தவருக்குத் தெரியாதிருக்க வழியில்லை. ‘பால் சேர்க்க வேண்டாம்’ என்ற மூன்று சொற்களுக்கு அந்த உறையில் இடமில்லாமல் போனது, மூடியில் பொன் நிறப் பூவேலைக்கு இடம் இருந்தபோது, எங்களுக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

மசாலா கலந்த இலைப் பொட்டலங்களில் குழப்பம் வேறு வகையானது. ஏலம், பட்டை, கிராம்பு, சுக்கு ஆகியவை தம் சாரத்தை விட்டுக்கொடுக்க நன்றாகக் கொதிக்க வேண்டும். இலைக்கோ மூன்று நான்கு நிமிடம் வெந்நீரில் ஊறினாலே போதும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே உறையில் அடைத்து, ‘மூன்று நிமிடம் ஊறவிடவும்’ என்று எழுதினால் மசாலா பச்சையாக நிற்கும்; பத்து நிமிடம் கொதிக்க விட்டால் மசாலா பொருந்தும், இலை கெடும். கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மசாலாப் பொருளைத் தனியாக வாங்கி, முதலில் அதைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்த பின் இலையைப் போட்டு மூடி வைப்பதே எங்களுக்குச் சரியாக வருகிறது. நீங்களும் ஒரே உறைக்குள் இரண்டு சிறு பைகளாகத் தரலாமே. செலவு சற்றுக் கூடினாலும் உங்கள் இலைக்கு அது நியாயம் செய்யும்.

அடுத்தது தண்ணீர். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் தேநீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர்தான். எங்கள் பகுதியில் ஒரே வீட்டுக்குள் மூன்று வகைத் தண்ணீர் புழங்குகிறது. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் ஏறிய வரலாறு நீங்கள் அறிந்ததே. கடலையொட்டிய எங்கள் தெருக்களிலும் போர்வெல் நீர் உப்பும் கடினமுமாகவே வருகிறது. அதில் இலையை ஊறவிட்டால் வடிநீர் கலங்கிக் கறுத்து, ஆறும்போது மேலே மெல்லிய ஆடை படிகிறது. நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து தேயிலையின் துவர்ப்புப் பொருள்களோடு சேர்வதால் உண்டாகும் படலம் அது. மெட்ரோ வாட்டர் குழாயில் வருவது புழல் ஏரியின் நீராகவோ, காட்டுப்பள்ளியில் 2010 முதல் நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர் திறனோடு இயங்கும் ஆலையில் உப்பு நீக்கிய கடல்நீராகவோ இருக்கலாம். எதுவாயினும் குளோரின் வாடை சில நாள் தூக்கலாக இருக்கும்; பெர்கமோட் என்னும் எலுமிச்சை வகைப் பழத்தின் தோல் எண்ணெயால் மணமூட்டிய ஏர்ல் கிரே போன்ற நுட்பமான தேநீரில் அந்த வாடை முன்னால் வந்து நிற்கும். மூடியைத் திறந்து வைத்துச் சில நிமிடம் கொதிக்க விட்டால் வாடை பெரும்பாலும் போய்விடுகிறது. மூன்றாவது, கேன் தண்ணீர். தாதுக்கள் மிகுதியும் வடிக்கப்பட்ட அந்நீரில் நிறம் பளிச்சென்று தெளிவாக இறங்கினாலும் சுவை மெலிந்து சப்பென்று இருக்கும். குழாய் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, கேன் நீரோடு பாதிக்குப் பாதி கலப்பது எங்கள் வீட்டில் கண்ட வழி. இலையைக் குறை சொல்லிக் குப்பையில் கொட்டும் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் உண்மையில் தண்ணீரைக் கொட்டுகிறார்கள் என்பதை நிறுவனத்தார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சூடு பற்றியும் ஒரு சொல். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் தண்ணீர் 94 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். ராயபுரத்தில் அது 100 டிகிரியைத் தொட்டால்தான் கொதிக்கும். உங்கள் சுவைஞர் மலையில் ‘கொதிநீரை ஊற்றி’ நல்லதென்று தேர்ந்தெடுத்த இலை, எங்கள் கொதிநீரில் சற்றுக் கடுமையாக இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். கறுப்புத் தேயிலைக்கு இந்த வேறுபாடு பொறுக்கத்தக்கது. எலுமிச்சைப் புல்லோ துளசியோ சேர்த்த பச்சைத் தேயிலைக்குப் பொறுக்காது. பச்சைத் தேயிலைக்கு 80 டிகிரி என்று சில உறைகளில் போட்டிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் எங்கள் அடுப்படிகளில் வெப்பமானி கிடையாது. மூன்று டம்ளர் கொதிநீரில், வீட்டில் சாதாரணமாக இருக்கும் குடிநீர் ஒரு டம்ளர் சேர்த்தால் சென்னை வெயிலுக்கு ஏறக்குறைய அந்தச் சூடு வந்துவிடும் என்று எழுதினால் எந்த வீட்டிலும் செய்துவிடுவார்கள்.

இனி மல்லிகைத் தேநீர். எங்கள் கூட்டத்தில் அதிகம் பேசப்பட்டதும், அதிகம் ஏமாற்றியதும் அதுவே. சீனத்தின் ஃபூஜியன் மாநிலத்தில் ஃபூஜோ நகரை ஒட்டி இதைச் செய்யும் முறையைக் கேட்டால், பூத்தொடுக்கும் எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் அது உடனே விளங்கும். பகலில் பறித்த அரும்பு இரவில்தான் மலர்ந்து மணம் விடும். அந்த நேரத்தில் அதைப் பச்சைத் தேயிலையோடு கலந்து வைத்து, விடிந்ததும் வாடிய பூவைச் சலித்து எடுத்துவிட்டு, இலையை உலர்த்தி, மறுபடியும் புதுப் பூ சேர்ப்பார்கள். உயர்ந்த வகைகளுக்கு இது பல இரவுகள் நடக்கும். அங்கே பயன்படும் பூ நம் குண்டுமல்லியின் இனமேதான். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கும் அது உண்டு. பூவும் இலையும் ஒரே மாநிலத்தில் இவ்வளவு அருகருகே இருக்க, எங்கள் பக்கத்துக் கடைகளில் நாங்கள் வாங்கிய மல்லிகைத் தேயிலைகளில் சில, பொட்டலத்தைத் திறந்ததும் ஊதுபத்தியைப் போல் மூக்கில் அறைந்தன. முதல் ஊற்றில் கூடத்தை நிறைத்த மணம், அதே இலையில் இரண்டாவது முறை நீர் ஊற்றியபோது சுவடின்றிப் போய், வெறும் துவர்ப்பே மிஞ்சியது. பூவில் கிடந்து மணம் ஏறிய இலையா, மேலே எண்ணெய் தெளித்த இலையா என்பதை உறையில் தேடினால் கிடைப்பது ‘ஃபிளேவர்’ என்ற ஒற்றைச் சொல்தான்.

நாங்களே செய்தும் பார்த்தோம். மாலையில் பூக்காரம்மா விற்கும் சரம் இதற்கு உதவாது. வாடாதிருக்க அவர் தெளிக்கும் தண்ணீர் இலையை நமுக்கச் செய்துவிடும். அதோடு, தலையில் சூடவும் சாமிக்குச் சாத்தவும் வளர்க்கப்படும் பூவில் என்ன மருந்து அடித்திருப்பார்கள் என்ற கவலை வேறு. ஆகவே மொட்டைமாடித் தொட்டியில் மருந்தடிக்காமல் வளர்த்த செடியின் அரும்புகளை அந்தி சாயும் வேளையில் பறித்து, எவர்சில்வர் சம்படத்தில் நீலகிரிப் பச்சைத் தேயிலையை ஓர் அடுக்கும், மெல்லிய மல் துணியின் மேல் பூவை ஓர் அடுக்குமாக வைத்து மூடினோம். காலையில் துணியோடு பூவை எடுத்துவிட்டு, சூடாக்கி அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியில் இலையைப் பரப்பி ஈரம் போக்கினோம். வந்த தேநீரில் மணம் மென்மையாகத்தான் இருந்தது. ஆனாலும் விழுங்கிய பின் தொண்டையில் தங்கியது. இலையின் சுவையும் தனியாகத் தெரிந்தது. ஒரு வீட்டு மாடியில் முடிவது உங்களால் பெரிய அளவில் ஏன் முடியாது? வாரியம் தோட்டக்கலைத் துறையோடு பேசி, உணவுக்கென்றே மருந்தின்றி வளர்த்த மல்லியை நீலகிரி இலைக்குச் சேர்க்க வழி செய்ய வேண்டும் என்பது எங்கள் ஆசை.

அதுவரை சட்டம் ஏற்கெனவே சொல்வதையேனும் கண்டிப்பாகச் செய்யுங்கள். மணமூட்டிய தேயிலையை அப்படியே உறையில் குறிப்பிட வேண்டும், தயாரிப்பவர் தேயிலை வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும், நிறம் எதுவும் சேர்க்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. அந்தக் குறிப்பு கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கிறதா என்பதை அலுவலகத்தார் கடைக்கு வந்து பார்க்கலாம். சட்டப்படி ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும் என்பதும் எங்களுக்குத் தெரியும்; தமிழில் அச்சிடுவதைச் சட்டம் தடுக்கவில்லை என்பதையும் நினைவூட்டுகிறோம். பொட்டலத்தின் அளவையும் குறையுங்கள். 25 கிராம் பொட்டலம் வந்தால் தினக்கூலி வீட்டிலும் ஒரு முறை வாங்கிப் பார்ப்பார்கள். 250 கிராம் டப்பா வாங்கினால், காசிமேட்டுக் கடற்காற்றின் ஈரத்திலும், போதாக்குறைக்குப் பக்கத்து அலமாரிக் கருவாட்டின் வாசனையிலும், பாதி தீர்வதற்குள் அது வேறொரு மணமூட்டிய தேயிலையாக மாறிவிடுகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சுவைத்துப் பார்ப்பதற்குப் பன்னாட்டுத் தர அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 3103 என்ற நெறி 1980 முதல் இருக்கிறது: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் இலை, மூடிய வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் 6 நிமிடம். குடிப்பதற்கு அது கடுமைதான். இலையின் குற்றம் குறைகளை வெளிக்கொணரவே அந்தக் கடுமை. உங்கள் சுவைஞர் ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டைக்கு அனுப்புங்கள். இடம், அடுப்பு, வெள்ளைக் கிண்ணங்கள், மூன்று வகைத் தண்ணீர் ஆகியவற்றை நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். அவர் உறிஞ்சிச் சுவைப்பதைப் பார்த்து எங்கள் பிள்ளைகளும் கற்றுக்கொள்வார்கள். அவரிடம் கொடுத்தனுப்பும் மணமூட்டிய மாதிரி ஒவ்வொன்றோடும், மணம் சேர்ப்பதற்கு முன் அதே இலை எப்படி இருந்ததோ அதில் ஒரு கைப்பிடியையும் தனியாகக் கட்டி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து, தேநீர் சுவைக்கும் அக்கம்பக்கத்தார் சார்பில் ஒருவர்