பி.எட். தவிர இன்னொரு வழியும் உண்டு: குமரி மாவட்டக் கல்லூரிகளின் மொழித்துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ், ஆங்கிலத் துறைப் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் இறுதியாண்டு படிக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "அடுத்து என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பி.எட்., டெட், டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு. சில வீடுகளில் கல்யாணம். இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. இந்த வரிசையில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். நானும் இந்த மாவட்டத்தில்தான் ஆங்கில இலக்கியம் படித்தேன். இப்போது நாகர்கோவிலில் வீட்டில் இருந்தபடியே வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு கன்டென்ட் டிசைனராக வேலை பார்க்கிறேன். இப்படி ஒரு வேலை இருப்பதாகப் படிக்கும் காலத்தில் யாரும் சொன்னதில்லை.

என்ன வேலை இது? கடையில் யுபிஐ வழியாகப் பணம் கட்டுகிறீர்கள். உங்கள் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, கடைக்காரருக்கு வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. திரையில் "பரிவர்த்தனை தோல்வி. பிறகு முயலவும்" என்று வருகிறது. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பின்னால் ஆள் நிற்க, கையில் பையோடு தவிக்கிறவருக்குத் தெரிய வேண்டியது வேறு. என் பணம் எங்கே? திரும்ப வருமா? மறுபடி கட்டலாமா? கன்டென்ட் டிசைனர் தொடங்குவது இந்தக் கேள்விகளில் இருந்துதான். நிறுவனத்தின் பணப்பிரிவில் விசாரிக்கிறார், விதியைத் தேடிப் படிக்கிறார். இப்படிச் சிக்கிய பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-ல் சொல்லியிருப்பது அப்போதுதான் கண்ணில் படும். அதற்குப் பிறகு எழுதுகிறார்: "கடைக்குப் பணம் சேர்ந்தது உறுதியாகவில்லை. உங்கள் கணக்கில் கழிந்திருந்தால் 5 நாளுக்குள் தானாகத் திரும்பிவிடும். மறுபடி கட்டும் முன் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்."

மூன்றே வரி. எழுதியதைவிட விசாரித்ததுதான் அதிகம். சில நேரம் விசாரித்து முடிக்கும்போது, எழுதவே வேண்டாம், படிவத்தில் தேவையில்லாத ஒரு கேள்வியை எடுத்துவிட்டாலே போதும் என்று தெரியவரும். அப்படி எடுக்க வைப்பதும் எங்கள் வேலைதான். (எழுத வைப்பதைவிட அதற்குத்தான் அதிகம் சண்டை போட வேண்டியிருக்கும்.)

கன்டென்ட் டிசைனர் என்ற பெயரைப் பரவலாக்கியது பிரிட்டன் அரசு. சிதறிக் கிடந்த துறைத் தளங்களை 2012-ல் ஒரே தளமாக்கத் தொடங்கியபோது, சாரா ரிச்சர்ட்ஸ் தலைமையில் எழுதியவர்களுக்கு அங்கே இந்தப் பெயர் வந்தது. 9 வயதுப் பிள்ளையின் வாசிப்புத் திறனுக்கு எழுது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட அளவு. நம் ஊர் வேலை விளம்பரங்களில் இதே வேலையை யுஎக்ஸ் ரைட்டர் என்றும் போடுவார்கள்.

சரி, குமரிக்கும் இதற்கும் என்ன? 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் நமக்கு, 91.75 சதவீதம். ஆனாலும் ஏதாவது ஒரு இ-சேவை மையத்தில் போய் உட்காருங்கள். நன்றாகப் படித்தவர்களே படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல என்ன போடணும்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்கள். வாசிக்கத் தெரியாமல் இல்லை, எழுதியவர் இவர்களை நினைத்து எழுதவில்லை.

2017 நவம்பர் 30-ஐ நம் கடற்கரை மறக்கவில்லை. ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் கிடந்த படகுகள் பலவற்றை எச்சரிக்கை எட்டவே இல்லை. அது தொடர்பு வசதியின் குறை, நல்ல வாக்கியத்தால் அது தீராது. ஆனால் கரையில் இருப்பவர் கைக்கு வரும் எச்சரிக்கை எப்படி இருக்க வேண்டும் என்பது எழுதுகிறவர் பொறுப்பு. "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று" என்று ஒரு வரி தொடங்குகிறது. எந்தக் கடல், எப்போதிலிருந்து, ஏற்கெனவே போனவர் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும்? இவை முதலில் வர வேண்டாமா? கடலின் ஆழத்தைப் பாகம் என்ற பழைய அளவில் சொல்கிற, காற்றைக் கச்சான், வாடை என்று பெயர் சொல்லி அறிகிற வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கிறாள். அந்த வரியை எப்படித் தொடங்குவது என்று பெங்களூரில் இருப்பவரைவிட அவளுக்குத்தான் தெரியும். கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோட்டுப் பக்கம் இருந்து வரும் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழியும் வெளியே ஒரு மொழியுமாக வளர்ந்தவர்கள். யாரிடம் எதை எப்படிச் சொன்னால் ஏறும் என்பது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். இதையெல்லாம் தகுதியாக அவர்களுக்கு யாரும் சுட்டிக்காட்டுவதில்லை.

இந்த வேலைக்குத் தனிப் பட்டம் வேண்டாம். ஆள் எடுப்பவர்கள் கேட்பது போர்ட்ஃபோலியோ, அதாவது செய்து பார்த்த வேலைகளின் தொகுப்பு. பழைய எழுத்து என்ன, அதைப் படிப்பவர் யார், எங்கே தடுக்கினார், நீ எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய். இப்படி மூன்று வேலைகள் தெளிவாக இருந்தால் நேர்முகத்தில் பேசப் பொருள் உண்டு. அதற்கான சரக்கு உங்கள் அலுவலகத்திலேயே கிடக்கிறது: தேர்வுக் கட்டணச் சுற்றறிக்கை, விடுதி விண்ணப்பம், உதவித்தொகை அறிவிப்பு. ஒரு படிவத்தை மாணவி வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுக்கட்டும். உதவி செய்யக் கூடாது, விளக்கக் கூடாது. எந்த இடத்தில் விரல் நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு வந்து, அப்புறம் திருத்தி எழுதட்டும். எழுதியதை இன்னொரு வீட்டில் கொடுத்துப் பார்க்கட்டும்.

அந்தச் சுற்றறிக்கை வாட்ஸ்அப்பில் போட்டோவாக வருகிறதா என்பதையும் பாருங்கள். பார்வையற்ற மாணவரின் போனில் இருக்கும் திரைவாசிப்பான் போட்டோவில் உள்ள கடித எழுத்தை ஒழுங்காகப் படித்துச் சொல்லாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-ல். எந்தக் கருவியிலும் எழுத்து மாறாமல் தெரிய உதவும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு ஏற்றது 2010-ல். இன்றும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து, வேறு இடத்தில் ஒட்டினால் குப்பையாக மாறுகிற அறிவிப்புகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்யப் பழகிய ஒரு தமிழிலக்கிய மாணவர் இந்தத் துறையில் பாதித் தூரம் வந்துவிட்டார். திரைகளை வடிவமைக்கும் ஃபிக்மா போன்ற கருவிகளை இலவசக் கணக்கிலேயே கற்றுக்கொள்ளலாம்.

பிள்ளைகளிடம் ஆசை வார்த்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள். இந்தப் பெயரில் வேலைகள் குறைவு, பெரும்பாலும் பெங்களூர், சென்னை, ஹைதராபாத்தில். ஆங்கிலம் நன்றாக வேண்டும், தமிழை மட்டும் வைத்து நடக்கிற வேலை இன்னும் அரிது. "கன்டென்ட் ரைட்டர் தேவை" என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போனால் பல இடங்களில் கூகுள் தேடலில் மேலே வருவதற்காக நாள் முழுக்கக் கட்டுரை உற்பத்தி செய்யச் சொல்வார்கள், அது வேறு தொழில். சான்றிதழ் தருகிறேன் என்று பெரிய தொகை கேட்கும் பயிற்சிகளுக்கு நகையை அடகு வைக்க விடாதீர்கள். ஏஐ மூன்று வரியை நொடியில் எழுதித் தருகிறது, உண்மைதான். ஆனால் அந்த 5 நாள் விதி இந்த இடத்தில் பொருந்துமா என்று பணப்பிரிவிடம் கேட்டு, தவறாகப் போனால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். நேராக இந்த வேலை கிடைக்காதவர்கள் வாடிக்கையாளர் சேவை, மென்பொருள் சோதனை, மொழிபெயர்ப்பு, டெக்னிக்கல் ரைட்டிங் வழியாக உள்ளே வந்திருக்கிறார்கள். ரயில் ஏறினால் திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்தில் இருக்கும் ஐடி வளாகமான டெக்னோபார்க்கும் எட்டும் தூரம்தான்.

நான் கேட்பது இவ்வளவுதான். வரும் செமஸ்டரில் சில சனிக்கிழமைகளை இதற்கு ஒதுக்குங்கள். தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் சேர்ந்தே உட்காரட்டும். கணினி ஆய்வகம் தேவையில்லை, விருப்பமுள்ள பத்துப் பிள்ளைகளும் உங்கள் கல்லூரிச் சுற்றறிக்கை ஒன்றும் போதும். நானும் வருகிறேன், சம்பளம் வேண்டாம். பிள்ளைகள் திருத்தியதில் நன்றாக வந்ததை அடுத்த தேர்வுக் கட்டணத்தின்போது உண்மையிலேயே அனுப்ப முதல்வரிடம் இப்போதே அனுமதி வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
நாகர்கோவிலில் இருந்து உங்கள் பழைய மாணவி