இரண்டு மலைகளிலும் எனக்குக் கதை சொன்னவர்களுக்கு

அன்புடையீர்,

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகக் குடும்பங்களைப் பற்றி நான் எழுதிவந்த தொடர் சென்ற வாரத்தோடு முடிந்துவிட்டது. அதில் என் பெயர் மட்டும்தான் அச்சானது. நியாயமாகப் பார்த்தால் நீலகிரியின் சேரம்பாடி, கொளப்பள்ளியில் தொடங்கி இலங்கை மலையகத்தின் ஹட்டன், பொகவந்தலாவை வரை நீளமாக ஒரு பட்டியல் வந்திருக்க வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் இந்த மடலிலும் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) அப்பாயிகளுக்கு. கூடலூர்ப் பக்கம் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு 1968-ல் ஆரம்பித்த தோட்டங்கள் அவை. அங்கே கண்டிச் சீமை என்று அவர்கள் சொல்லும் இலங்கை மலைநாட்டுப் பேச்சு இல்லாமல் ஒரு சாயங்காலமும் கழியாது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, எங்கள் சனத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்ததையும், மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டதையும் கல்லூரிக்குப் போன பிறகுதான் படித்தேன். அக்காவுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தங்கச்சிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று ஒரே வீடு இரண்டாகப் போன கதை மட்டும் அதற்கு வெகுமுன்பே எனக்கு மனப்பாடம். அந்த அக்காதான் என் அப்பாயி.

பக்கத்துக் காம்பரா (லயத்து அறை) அப்பாயிக்குத் தனியாக ஒரு கும்பிடு. ரெக்கார்டரும் கையுமாகப் போய், “அங்கிருந்து கிளம்பினப்போ மனசு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார். “என்னத்தக் கொண்டாந்தீங்க, என்னத்த விட்டுட்டு வந்தீங்கன்னு கேளு புள்ள. பேச்சு தானா வரும்.” அதன்பின் ஏறி இறங்கிய வீடுகளிலெல்லாம் அதைத்தான் கேட்டேன். ஆட்டுக்கல், சினைமாடு, கோயில் திருவிழாவுக்குக் கட்டிய வரி, கொய்யா மரத்தடியில் புதைத்த பிள்ளை என்று ஒவ்வொன்றாக வந்தது. தொடரில் வாசகர்கள் பாராட்டி எழுதிய பகுதிகளில் பாதி இந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த பதில்கள்தான்.

‘நூலகம்’ எண்ணிம நூலகத்துக்காகப் பழைய தாள்களை ஸ்கேன் செய்து ஏற்றியவர்களே, உங்களில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. இலங்கையில் ‘தேசபக்தன்’ பத்திரிகை நடத்திய கோ. நடேசய்யரை நான் தேடிப் போய்ச் சேர்ந்தது உங்கள் புண்ணியத்தில். தஞ்சாவூர்க்காரர். வெளியாள் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாத காலத்தில் துணி வியாபாரியாக வேடம் போட்டு லயங்களுக்குள் நுழைந்து தகவல் சேகரித்தவர். அவர் மனைவி மீனாட்சி அம்மாளோ பாட்டுக் கட்டிப் பாடியே தொழிலாளர்களைத் திரட்டியவர். என் தொழிலிலும் என் சனத்துக்கு ஒரு பாட்டனும் பாட்டியும் இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று வந்த தெம்பு, இதழியல் வகுப்பில் ஒருநாளும் வந்ததில்லை. (வகுப்பெடுத்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில்தான் போவேன் என்று நான் அடம்பிடித்தபோது தலையாட்டிய ஆசிரியருக்கு நன்றி. அப்பாயி வந்த வழி அதுவல்ல. தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் அழித்துவிட்டதால் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல் விட்டார்கள். ‘இராமானுஜம்’ என்று பெயர். இறங்கினால் திரும்பி வந்தவர்களுக்கான மண்டபம் முகாம். 1980களில் போரோடு அந்தப் போக்குவரத்து நின்றுபோனது. வழி வேறென்றாலும் கடலைக் கடல்மேல் இருந்தபடி பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. செலவில் பாதியை அலுவலகம் கொடுத்தது, மீதிக்கு அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்தார். தவணை இன்னும் ஓடுகிறது.

ஹட்டன் சேர், உங்களுக்கு எத்தனை சொன்னாலும் போதாது. ஓய்வுபெற்ற ஆசிரியர், முழங்கால் வலிக்காரர். ஆனாலும் மழையில் என்னோடு ஸ்டேசனுக்கு வந்து, தலைமன்னாருக்குப் போக எங்கள் ஆட்கள் ஏறிய இடத்தைக் காட்டினீர்கள். ஏறுகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் மாரடித்து அழுததால் அந்த ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயராகிவிட்டது என்றும் சொன்னீர்கள். தோட்டத்துக்குள் போக துரையிடம் (தோட்ட மேலாளரிடம்) அனுமதி வாங்கித் தந்ததும் நீங்கள்தான். இவை எல்லாவற்றையும்விட, தேத்தண்ணி குடிக்கும்போது நீங்கள் கேட்டதுதான் பெரிது: “பிள்ளை, நீங்க போனவங்க கதையைத்தானே சேர்க்கிறீங்க. இருந்தவங்களக் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படியொரு பக்கம் இருப்பதாகவே யாரும் பேசியதில்லை. தொடரின் பின்பாதி முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

பொகவந்தலாவை அத்தைக்கு, அதாவது என் அப்பாயியின் தங்கச்சி மகளுக்கு: நீங்கள் சுட்டுப்போட்ட ரொட்டியும் சம்பலும் இன்னும் நாக்கில் நிற்கின்றன. “வழியனுப்பக்கூட வரல அவ” என்று அப்பாயி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். உங்களிடம் அதைச் சொன்னதும் அடுப்படியிலிருந்து எழுந்து வந்துவிட்டீர்கள். கொழுந்து மும்முரமாக இருந்த சமயமாம். அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை, மத்தியானக் கொழுந்து நிறுத்தபிறகு உங்கள் அம்மா குறுக்குவழியில் இறங்கி ஓடியிருக்கிறார், கோச்சி நகர்ந்துவிட்டது. அக்கா ஒரு விலாசம்கூடக் கொடுக்காமல் போனாள் என்பது உங்கள் அம்மாவின் மனக்குறை. “நீங்க தப்பிச்சுப் போயிட்டீங்க. 74-ல இங்க பஞ்சம். ஆட்கள் செத்தாங்க,” என்றீர்கள். எங்களுக்குக் கிடைத்தது காடு என்றும், வெட்டித் திருத்திய பிறகுதான் தேயிலை வைத்தார்கள் என்றும், பணி ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது என்றும் நான் சொன்னபோது நீங்கள் நம்பவில்லை. போனில் படம் காட்டினேன். அதற்குப் பிறகு வெகுநேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் நீங்களாகவே எழுந்து அப்பாயிக்கு விளக்கேற்றினீர்கள்.

அக்கா தங்கை இருவரும் இப்போது இல்லை. எது நடந்தது என்று நானாக ஒரு தீர்ப்பெழுதி முடிக்கப் பார்த்தேன். “ரெண்டையும் அப்படியே போடும்மா, தீர்ப்பு சொல்ல நீ யாரு” என்று அந்தப் பத்தியை வெட்டிய உதவி ஆசிரியர் அண்ணனுக்கும் நன்றி. வெட்டும்போது கோபம் வந்தது உண்மை.

த்ரீவீல் தம்பி, காங்கேசன்துறையில் ரூபாய் மாற்ற உதவிய அக்கா, சேரம்பாடியில் மழைக்கு ஒதுங்க இடம் கொடுத்த டீக்கடைக்காரர், ஒலிப்பதிவுகளை உட்கார்ந்து எழுதிக்கொடுத்த தோழி, எல்லோருக்கும் நன்றி.

ஒரு வேலை பாக்கி. கண்டி உதவித் தூதரகத்தில் கொடுத்த குடும்ப அட்டைகளையும் பழைய பாஸ்போர்ட்டுகளையும் நம்பிக் கொடுத்தனுப்பினீர்களே, எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. தபாலில் அனுப்பப் பயமாக இருக்கிறது. கூடலூர் வட்டாரத்தில் உள்ளவர்களுக்குத் தைப்பொங்கலுக்கு முன் நேரில் கொண்டுவந்து தருகிறேன். பொகவந்தலாவை அத்தை கேட்ட தொடர்ப் பிரதிகள் மட்டும் ஹட்டன் சேர் விலாசத்துக்குப் போயிருக்கின்றன. கிடைத்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அன்புடன்,
கொளப்பள்ளி அப்பாயியின் பேத்தி