மாதவிடாய் நின்றாலும் ஓமோன் நிற்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வாரமலரில் மார்பகப் புற்றுநோய் குறித்து அண்மையில் வெளியான கட்டுரை, அச்சமூட்டாமல் விளக்கமாக எழுதப்பட்டிருந்தமைக்கு நன்றி. ஆயினும், மாதவிடாய் முற்றாக நின்ற பெண்களில் ஓமோனுக்கு இந்நோயில் பெரிய பங்கில்லை என்ற பொருள்படும் வரி திருத்தப்பட வேண்டும். ஓமோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் அவ்வயதினரிலேயே அதிகம் காணப்படுகிறது.

சூலகம் ஓய்ந்த பின்னும், சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனல் சுரப்பியிலிருந்து வரும் மூலப்பொருள்களைக் கொண்டு கொழுப்பிழையத்தில் அரோமற்றேசு எனும் நொதியம், ஈஸ்திரஜன் எனும் பெண் ஓமோனின் ஒரு வகையான ஈஸ்திரோனை உருவாக்குகிறது. அதன் பெரும்பகுதி சல்பேற்றுடன் எசுத்தர் எனும் வேதிப் பிணைப்பால் சேர்ந்து, ஈஸ்திரோன் சல்பேற்றாகக் குருதியில் சுற்றுகிறது. அந்த வடிவில் அது, ஓமோனைப் பற்றிக்கொண்டு கலத்தை வளரத் தூண்டும் புரதமான "வாங்கி"யோடு பிணையாது. ஆனால் தனித்த ஓமோனைவிட நெடுநேரம் குருதியில் தங்கும். பல மார்பகப் புற்றுக் கலங்களுக்குள் இருக்கும் சல்பற்றேசு எனும் நொதியம், எசுத்தர் பிணைப்பை நீரின் துணையோடு உடைக்கும் (நீர்ப்பகுப்புச் செய்யும்) எசுத்தரேசுப் பெருங்குழுவைச் சேர்ந்தது. அது சல்பேற்றைக் கழற்றி ஈஸ்திரோனை விடுவிக்க, வேறொரு நொதியம் அதனை வீரியம் மிக்க ஈஸ்திரஜனான ஈஸ்திரடையோலாக மாற்றிவிடுகிறது. குருதிப் பரிசோதனையில் மிகக் குறைவாகத் தெரியும் ஓமோன் கட்டிக்குள் பன்மடங்கு செறிந்திருப்பதற்கு, இவ்வாறு அங்கேயே உருவாவதும் ஒரு காரணமாகும். கொழுப்பமிலங்களுடன் எசுத்தராகிக் கொழுப்பில் சேமிக்கப்பட்டிருக்கும் ஈஸ்திரடையோலை விடுவிப்பவையும் எசுத்தரேசுகளே.

1973ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெற்றோயிற் நகரில் உருவாக்கப்பட்டு இன்றும் உலகெங்கும் ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் எம்.சி.எவ்-7 எனும் மார்பகப் புற்றுக் கலங்கள், 69 வயதான ஒரு கன்னியாஸ்திரியின் உடலிலிருந்து பெறப்பட்டவை. மாதவிடாய் நின்று பல்லாண்டுகள் கழிந்த அந்த உடலின் புற்றுக் கலங்களில் ஈஸ்திரஜன் வாங்கி இருந்தது; ஈஸ்திரோன் சல்பேற்றைக் கொடுத்தால் அவை அதைப் பிரித்துப் பயன்படுத்தி வளர்கின்றன.

வாங்கி இல்லாத புற்றுநோய்க்கு இவை பொருந்தா என்பதையும் சொல்லியாக வேண்டும். வாங்கி உள்ளவர்களுக்கோ, வாங்கியை மறிக்கும் தமொக்சிஃபென் அல்லது அரோமற்றேசைத் தடுக்கும் லெற்றோசோல் போன்ற மருந்துகள் பொதுவாக 5 ஆண்டுகளுக்குக் குறையாமல் கொடுக்கப்படுகின்றன. சல்பற்றேசைத் தடுக்கும் மருந்துகள் சோதிக்கப்பட்டபோதும் வழமையான சிகிச்சைக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே கைவசமுள்ள குளிசைகளைத் தவறாது எடுப்பதே முக்கியமாகிறது.

மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் திருகோணமலை நகருக்குச் சிகிச்சைக்காக வந்துபோகும் அம்மாமாரின் சிரமத்தை நான் அறிவேன். "வயது போய்விட்டது, இனி ஓமோன் குளிசை எதற்கு" என்று அவர்களில் ஒருவரேனும் அக்கட்டுரையைப் படித்து எண்ணிவிடக் கூடாது. எனவே தங்கள் அடுத்த இதழிலேயே, கட்டுரை வெளியான அதே பக்கத்தில், இத்திருத்தத்தை வெளியிடுமாறும், குளிசையை நிறுத்த எண்ணுவோர் முதலில் தமது வைத்தியரிடம் ஓமோன் வாங்கி உண்டா என்ற பரிசோதனையின் முடிவைக் கேட்டறிய வேண்டும் என்ற குறிப்பை அதனுடன் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை உயிரியல் ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.