மேகேதாட்டுப் பாறைகளில் கவனம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், அர்க்காவதி காவிரியோடு கலக்கும் சங்கமத்தைக் கடந்து, ஆடு தாண்டிவிடும் என்று சொல்லும் அளவுக்கு ஆறு பாறைகளுக்கிடையே ஒடுங்கிப் பாயும் மேகேதாட்டுக்கு, விடுமுறை நாள்களில் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவும் செல்கின்றன. அங்கே நீர் குடைந்த ஆழமான குழிகளும் சுழல்களும் மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. நீச்சல் அறிந்தவரும் மீள்வது அரிது. சென்ற மாதம் படமெடுக்க விளிம்புக்குச் சென்ற ஓர் இளைஞர், என் கண்ணெதிரே வழுக்கி விழுந்து, பாறை இடுக்கைப் பற்றித் தப்பினார். இன்னும் நெஞ்சு பதறுகிறது.

எச்சரிக்கைப் பலகைகளைத் தமிழிலும் வைத்து, விடுமுறை நாள்களில் உயிர்காக்கும் நீச்சல் வீரர்களையும் அங்கே நிறுத்துமாறு வனத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன். 1987 முதல் காவிரி வனவிலங்குச் சரணாலயமாக உள்ள இக்காட்டில் மதுப்புட்டிகளை உடைத்துப் போடுவோர்மீது கடும் நடவடிக்கையும் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு