யாளி மட்டும் தப்பியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் இசைப் பத்திரிகைகளின் அட்டைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பிரபலத்தின் முகமும் பளிச்சென்ற வண்ணமும் இருந்தால் இதழ் விற்றுவிடும் என்பது அதன் சாரம். சிவகாசியில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆஃப்செட் எந்திரத்தின் பக்கத்தில் நின்றவன் நான். கட்டுரையாளர் அட்டையை மேசைமேல் விரித்துவைத்துப் பார்த்திருக்கிறார். கடையில் நூறு இதழ்களுக்கு நடுவே அது படும் பாட்டைப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது.

‘கியூ’ (Q என்ற ஆங்கில எழுத்துதான் பெயர்) என்ற பிரிட்டிஷ் இசை மாத இதழின் பழைய பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் இருபது ரூபாய்க்கு வாங்கியது. 1986இல் தொடங்கிய அந்த இதழுக்கு, அதே உச்சரிப்புள்ள Cue என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லைத்தான் முதலில் பெயராக வைக்க இருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு ஸ்னூக்கர் கோல் என்றும் பொருள் உண்டு. விளையாட்டுப் பத்திரிகை என்று எவரும் நினைத்துவிடக் கூடாதே என்று ஓரெழுத்தாக்கினார்கள். ஓரெழுத்து என்றால் கடையில் பெரிதாகத் தெரியும் என்ற கணக்கும் அதில் உண்டு. இடது மேல் மூலையில் சிவப்புச் சதுரம், அதற்குள் வெள்ளையில் அந்த எழுத்து. கடைத் தட்டில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் இதழ்களில் பெரும்பாலும் வெளியே தெரிவது இடது ஓரம்தான். பாடகரின் முகம் பக்கத்து இதழுக்குப் பின்னால் போய்விட்டாலும் சதுரம் கண்ணில் படும்.

பழக்கதோஷம், அந்தச் சதுரத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நான்கு வண்ண அச்சில் சிவப்புக்கென்று தனி மை கிடையாது. மெஜந்தாவும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று முழுதாக விழ வேண்டும். நடுவிலிருக்கும் வெள்ளை எழுத்து மையே அல்ல, மை விழாமல் விட்ட காகிதம். பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் அந்த வெள்ளையின் ஓரத்தில் மஞ்சளோ இளஞ்சிவப்போ எட்டிப் பார்த்துவிடும். என் பிரதியில் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறது. எந்த ஊர் மெஷின்மேனோ, அவர் கை நன்றாக இருக்கட்டும்.

நல்ல அட்டை எல்லோரையும் கூப்பிடுவதில்லை என்பதையும் கட்டுரை தொடவில்லை. 1981இல் லண்டனில் தொடங்கிய ‘கெராங்’ என்ற ராக் இசை இதழின் பெயரே மின்கிதாரை ஓங்கி அடித்தால் எழும் ஓசைதான். பெயரின் எழுத்துகள் கல்லெறிபட்ட கண்ணாடிபோல் விரிசல் விட்டிருக்கும். வீட்டில் கிடந்த பிரதியைத் திருவையாறு ஆராதனைக்கு ஆண்டு தவறாமல் போகும் என் மைத்துனர் எடுத்துப் பார்த்து, “அச்சில் ஏதோ கோளாறு போலிருக்கிறதே மச்சான்” என்று கீழே வைத்துவிட்டார். எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன் அதைக் கொண்டுபோனவன் இன்னும் திருப்பித் தரவில்லை. அந்த முடிவுக்கு வர இருவரும் உள்ளே ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

முகம்தான் எல்லாம் என்பவர்கள் ‘ரோலிங் ஸ்டோன்’ என்ற அமெரிக்க இசை இதழின் 1981 ஜனவரி 22 அட்டையை எடுத்துக்காட்டக் கூடும். பீட்டில்ஸ் குழுவில் பாடிய ஜான் லெனன் ஆடையின்றிக் குழந்தையைப்போல் சுருண்டு, மனைவி யோகோ ஓனோவைக் கட்டிக்கொண்டிருக்கும் படம் அது. ஆனி லீபோவிட்ஸ் அதை எடுத்தது 1980 டிசம்பர் 8 அன்று. அன்றிரவே லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்திரிகையின் பெயர் மேலே இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை. அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கம் 2005இல், அதற்கு முந்தைய 40 ஆண்டுகளின் அட்டைகளில் இதற்கே முதலிடம் கொடுத்தது. லெனன் முகம் மட்டும் போதுமென்றால், அந்த இதழின் 1967 முதல் அட்டையிலும் அவர்தான் இருக்கிறார், படைவீரர் தலைக்கவசத்தோடு. அந்த அட்டையை இப்படி எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? லெனன் இறந்த செய்தி படிப்பவருக்கு ஏற்கெனவே தெரியும், நாம் வாயை மூடிக்கொண்டால் போதும் என்று 1981இல் யாரோ துணிந்து முடிவெடுத்திருக்கிறார்கள்.

அந்தத் துணிவு எவ்வளவு அரிது என்பதற்கு என் கண்ணால் கண்ட சாட்சி உண்டு. சிறிய இசை மாத இதழ் ஒன்றின் மார்கழிச் சிறப்பிதழ் எங்கள் அச்சகத்துக்கு வந்தது. அட்டையில் வீணைக் கலைஞர் ஒருவர்; இடது கை விரல்கள் தந்திக்கு அடியிலுள்ள மெட்டுகளின்மேல் அழுந்தி நிற்க, தந்தி லேசாக வளைந்திருப்பதுகூடத் தெரியும். அப்படி ஒரு படம். புரூஃப் பார்த்த உரிமையாளர், உள்ளே எழுதிய எல்லோருடைய பெயரும் அட்டையில் வர வேண்டும் என்றார். பதினேழு பெயர்கள். முதலில் விரல்கள் மறைந்தன, பிறகு மெட்டுகள், பிறகு குடம். வீணையின் முனையில் இருக்கும் யாளி முகம் மட்டும் தப்பியது. மெஷின்மேன் வாய் திறக்கும் இடம் அதுவல்ல என்பதால் நானும் அடித்துக் கொடுத்தேன். தை மாதம் பிரதிகள் கட்டுக் கட்டாகத் திரும்பியதாக பைண்டிங் பிரிவில் பேசிக்கொண்டார்கள். அட்டைதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வீணை வாசிப்பவரின் விரலை மறைத்துவிட்டு வீணைப் பிரியரிடம் எதைக் காட்டி விற்பது?

டிசம்பரில் உங்கள் இசைவிழா மலர் வரும். சென்ற ஆண்டு மலரில் மிருதங்கத்தின் வலந்தலைமேல், அதாவது வலப்பக்கத் தோலின்மேல், நகைக்கடைத் தள்ளுபடி அறிவிப்பு உட்கார்ந்திருந்தது. இந்த ஆண்டு அதைப் பின்னட்டைக்கு அனுப்பிவிட்டு, முன்னட்டையில் மலரின் பெயரையும் விலையையும் மட்டும் போட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளி,
சிவகாசி