ஆற்றில் இறங்குமுன் மேட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளி விடுமுறை வந்தால் மலேசியாவின் கோல குபு பாருவில் சிலாங்கூர் ஆற்றங்கரை நிரம்பி வழிகிறது. 'ஆபத்து' என்ற பலகை மட்டும் போதாது. என்ன ஆபத்து என்று யாரும் சொல்வதில்லை.

இங்கே வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்தால் 'கெப்பாலா ஆயேர்', அதாவது மேலிருந்து திடீரெனப் பாயும் வெள்ளம், வரும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கும், இலை, சுள்ளி மிதந்து வரும், இரைச்சல் கூடும். உடனே அருகிலுள்ள கரை மேட்டில் ஏறுங்கள். செருப்பையும் சட்டியையும் எடுக்கத் திரும்பாதீர்கள். நடுப்பாறையில் ஏறினால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். மழை பெரும்பாலும் பிற்பகலில்தான். காலையில் குளித்து, மதியத்துக்குள் கிளம்புவது நல்லது.

இழுத்துச் சென்றால் எழுந்து நிற்க முயல வேண்டாம். பாறை இடுக்கில் கால் சிக்கினால் நீரின் வேகம் ஆளைக் கவிழ்த்து அமுக்கிவிடும். மல்லாந்து, கால் விரல்கள் மேலே தெரிய, பாதங்களை நீரோட்டத் திசையில் நீட்டி மிதந்தபடி கரைப்பக்கம் கையால் துழாவுங்கள். மிதவைச் சட்டையைத் தோளில் பிடித்துத் தூக்கிப் பார்த்தால் காதுவரை ஏறக்கூடாது. சிறுவர்களுக்குக் கால்களுக்கிடையே மாட்டும் கவட்டு வாரும் அவசியம். காற்றடைத்த லாரி டியூப் மிதவைச் சட்டையாகாது!

நகராண்மைக் கழகம் குளிக்குமிடந்தோறும் 20 மீட்டர் மிதக்கும் கயிறு வைக்கட்டும்.

தோட்டத்து வாசகர்கள்,
கோல குபு பாரு