மாட்டின் எடைக்கு அரிசி

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகனுக்கு,

‘ரெஸ்ட்ரெப்போ’ என்ற போர் ஆவணப்படம் பற்றி நீ எழுதிய விமர்சனத்தை வாசித்தேன். முதல் வரியிலேயே “அரசியல் பேசாத படம்” என்று தீர்ப்பு எழுதிவிட்டாய். 2010இல் படம் வந்த காலத்திலேயே பலர் சொன்ன குறைதான் அது. படத்தை எடுத்த ஹெதரிங்டனும் யுங்கரும் தளபதிகளையும் இராஜதந்திரிகளையும் தெரிந்தேதான் பேட்டி காணாமல் விட்டார்கள். பின்னணி வர்ணனையும் கிடையாது. ஆப்கானிஸ்தானின் கொரெங்கல் பள்ளத்தாக்கில் 15 மாதம் கிடந்த அமெரிக்கச் சிப்பாய்களின் கண்ணுக்கு எட்டியதுதான் படம்.

மாட்டுக் காட்சியைத் திரும்பப் பார். முள்ளுக்கம்பியில் சிக்கிய மாட்டைக் கொன்று சிப்பாய்கள் தின்றுவிட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் காசு கேட்டு வருகிறார்கள். காசு தர முடியாதாம். மாட்டின் எடைக்கு அரிசி, அவரை, சீனி தரலாமாம். படுவான்கரையில் பட்டி வைத்திருக்கிற யாரிடமாவது இந்தக் கணக்கைச் சொல்லிப் பார், சிரிப்பார்கள். மாட்டின் விலையில் நாளைய பாலும் வருகிற கன்றும் சேர்த்தி, தராசில் ஏறுவது இறைச்சி மட்டும். அரசியல் அந்த இடத்தில்தான் இருக்கிறது மகன், நீ அதைத் தாண்டிப் போய்விட்டாய்.

உன் மற்றக் குறை, எதிரியின் முகம் தெரியவில்லை என்பது. எதிர் மலையிலிருந்து சுடுகிறவனின் முகம் சுடுபடுகிறவனுக்கும் தெரியாது. இந்தக் குறையை வெட்டிவிடு. அதற்குப் பதிலாக, வேறு போர்ப்படங்களுக்கும் உதவும் ஒரு சோதனை சொல்கிறேன்: சத்தம் ஒரு விநாடிக்கு 340 மீற்றர் அளவில்தான் போகும். 700 மீற்றருக்கு அப்பால் குண்டு வெடித்தால், புகை தெரிந்து இரண்டு விநாடி கழித்தே சத்தம் கேட்கவேண்டும். இரண்டும் ஒன்றாக வந்தால், எடிட்டிங் மேசையில் சத்தத்தை நகர்த்தியிருக்கிறார்கள்.

கேட்கவேண்டிய கேள்வி கதிரையைப் பற்றியது. சிப்பாய்களின் நேர்காணல்களைப் பிறகு இத்தாலியில் எடுத்தார்கள்: இருட்டுப் பின்னணி, திரை நிறைய முகம். தடுமாறும் கண் வரைக்கும் தெரியும். வான்தாக்குதலில் காயப்பட்ட பிள்ளைகளும் படத்தில் வருகிறார்கள், ஆனால் அவர்கள் வீட்டார் எவருக்கும் அப்படி ஒரு கதிரை போடவில்லை. போனில் நேரத்தை அளந்து, சிப்பாய்களின் முகத்துக்கு எத்தனை நிமிடம், ஊராருக்கு எத்தனை நிமிடம் என்று எழுது. உன் கோபத்தைவிட அந்த இரண்டு எண்களும் உறைக்கும்.

ஹெதரிங்டன் 2011 ஏப்ரலில் லிபியாவின் மிஸ்ராட்டாவில் கொல்லப்பட்டதைக் கடைசிப் பந்தியில் வைத்திருக்கிறாய். அது கண்ணீருக்கு வைத்தது. எடுத்துவிட்டு, மாட்டை முதல் பந்திக்குக் கொண்டுவா. திருத்தியதை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு.

அன்புடன்,
அப்பா